கொப்பி தொலைந்தாலும் தொடரும் வைத்தியம்

இடம்பெயரும் குடும்பம் ஒன்று வீட்டை விட்டு வெளிக்கிடும் வேளையில் எதை எடுக்கிறது, எதை விடுகிறது என்பதை எமது வாசகர்களுக்கு எவரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அடையாள அட்டை, காணி உறுதி, குடும்ப அட்டை, பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ், இருக்கும் நகை, ஒரு மூடை அரிசி. கிளினிக் கொப்பி பெரும்பாலும் இந்த வரிசையில் வருவதில்லை. அடுப்படித் தட்டிலோ சுவாமிப் படத்துக்குப் பின்னாலோ செருகியபடி அது வீட்டோடு நின்றுவிடுகிறது. புதிய ஊரின் வைத்தியர், "இதுவரை என்ன மருந்து பாவித்தீர்கள்?" என்று கேட்கும்போது, "வெள்ளைக் குளிசை, காலையில் ஒன்று, இரவில் ஒன்று" என்பதற்கு மேல் எதுவும் சொல்ல முடியாமற் போகிறது. வெள்ளைக் குளிசைகள் எத்தனையோ இருக்கின்றன.

இதன் பின் வைத்தியம் முதலிலிருந்து தொடங்குகிறது. இரத்தம் மீண்டும் எடுக்கப்படுகிறது. மருந்தின் அளவு மீண்டும் அனுமானிக்கப்படுகிறது. காய்ச்சலுக்கும் இருமலுக்கும் இதனால் பெரிய நட்டமில்லை. ஆனால் நீரிழிவு, இரத்த அழுத்தம், வலிப்பு, காசநோய் என்பன அப்படியல்ல. காசநோய்க்குக் குறைந்தது 6 மாதங்கள் இடைவிடாமல் மருந்தெடுக்க வேண்டும். இடையில் விட்டால் கிருமி அந்த மருந்துக்குப் பழகிவிடுகிறது. பிறகு அதே மருந்து வேலை செய்வதில்லை.

வைத்தியசாலைகளுக்குள் கணனி வந்துகொண்டிருக்கிறது என்ற செய்தியை இந்தப் பக்கத்திலிருந்தே பார்க்க விரும்புகிறோம். இயந்திரக் கையால் சத்திரசிகிச்சை செய்வது போன்ற புதினங்களைப் பத்திரிகைகள் தாராளமாக எழுதுகின்றன. எமது கேள்வி சிறியது. ஒரு நோயாளியைப் பற்றிய நினைவு எங்கே இருக்கிறது? அவருடைய கைப்பையிலா, வைத்தியசாலையிலா? கைப்பை தொலைந்தால் என்ன செய்வது?

வெள்ளத்தில் போன காகிதங்கள்

செல்வந்த நாடொன்றும் இந்தக் கேள்விக்கு முகங்கொடுத்தது. 2005ஆம் ஆண்டு ஆகஸ்ட் 29ஆம் திகதி கத்ரீனா என்ற சூறாவளி அமெரிக்காவின் தென் கரையைத் தாக்கியது. நியூ ஓர்லியன்ஸ் நகரின் பெரும்பகுதி நீரில் மூழ்கியது. பத்து இலட்சத்துக்கு மேற்பட்டோர் இடம்பெயர்ந்தனர். வைத்தியர்களின் நிலையங்களில் இருந்த காகிதப் பதிவுகள் நனைந்து பயனற்றுப் போயின. வேறு மாநிலங்களின் முகாம்களில் வந்திறங்கிய நோயாளிகள் எம்மவரைப் போலவே தமது மருந்தின் பெயரை அறியாது நின்றனர்.

ஒரு பகுதியினருக்கு மட்டும் இந்தக் கதி நேரவில்லை. முன்னாள் படைவீரர்களுக்கென அரசாங்கம் நடத்தும் வைத்தியசாலைகள் பல ஆண்டுகளுக்கு முன்பே நோயாளர் பதிவுகளைக் கணனியில் வைக்கத் தொடங்கியிருந்தன. நியூ ஓர்லியன்சின் பதிவுகளுக்கு எடுத்து வைத்த பிரதி ஹியூஸ்ரன் நகருக்குக் கொண்டுசெல்லப்பட்டது. சில நாட்களுக்குள், எந்த ஊரில் ஒதுங்கியிருந்தாலும் அந்த நோயாளியின் பழைய பதிவை அங்குள்ள வைத்தியர் பார்க்கக்கூடியதாக இருந்தது. கவனிக்க வேண்டியது, அந்த நினைவின் பிரதி வெள்ளம் போகாத இன்னோர் இடத்தில் இருந்தது என்பதே. ஒரே கட்டடத்தில் வைத்த கணனியும் வெள்ளத்தில் காகிதத்தைப் போலவே அழியும்.

மொசோரியொட் கிராமத்தின் இரண்டு கணனிகள்

அமெரிக்காவை விட எமக்கு நெருக்கமான உதாரணம் ஆபிரிக்காவில் இருக்கிறது. கென்யாவின் மேற்குப் பகுதியில் எல்டொரெற் நகரைச் சூழ்ந்த ஊர்கள் சோளமும் கோதுமையும் விளைவிக்கும் விவசாயிகளின் ஊர்கள். அங்கே மொசோரியொட் என்ற கிராமத்தின் சுகாதார நிலையத்தில் 2001ஆம் ஆண்டு பெப்ரவரியில் ஒரு கணனிப் பதிவு முறை தொடங்கப்பட்டது. அந்நாட்டின் மோய் பல்கலைக்கழகத்தினரும் அமெரிக்காவின் இந்தியானா பல்கலைக்கழகத்தினரும் சேர்ந்து செய்த வேலை அது.

அதன் எளிமையை எமது வாசகர்கள் அறிய வேண்டும். இருந்தவை இரண்டே கணனிகள்: ஒன்று வாசலில், மற்றது வெளியேறும் இடத்தில். மின்சாரம் நின்றால் தாக்குப்பிடிக்கச் சூரிய ஒளியால் ஏற்றப்படும் பற்றரி. நோயாளி வந்ததும் பெயரும் இலக்கமும் பதியப்பட்டு, கையில் ஒரு படிவம் கொடுக்கப்படும். அந்தப் படிவத்தோடு அவர் தாதியிடமும் வைத்திய உத்தியோகத்தரிடமும் இரத்தப் பரிசோதனைக்கும் மருந்து கொடுக்கும் இடத்துக்கும் போவார். ஒவ்வொருவரும் பேனாவால் அதில் எழுதுவர். வெளியேறும் இடத்தில் ஓர் எழுதுவினைஞர் அதைக் கணனியில் பதிந்துகொள்வார். வைத்தியர் கணனியைத் தொடவே இல்லை. வைத்தியர்களைத் தட்டச்சுப் பழக்க வேண்டும் என்பதால் இத்தகைய முயற்சிகளைத் தள்ளிப்போடும் நிர்வாகிகள் இதைக் கவனிப்பது நல்லது.

அங்கு முன்னும் பின்னும் நேரம் அளந்து பார்த்தனர். நோயாளி நிலையத்தில் செலவிட்ட மொத்த நேரம் 22 வீதத்தால் குறைந்தது. காத்திருந்த நேரம் 38 வீதத்தால் குறைந்தது. சிகிச்சையளிப்போருடன் இருந்த நேரமும் 58 வீதத்தால் குறைந்தது.

இந்த மூன்றாவது இலக்கத்தில் நாம் சற்று நிற்கிறோம். முதல் இரண்டும் நல்ல செய்திகள். கூலிவேலையை விட்டு அதிகாலை பஸ்ஸில் வந்து மதியம் வரை வாங்கில் குந்தியிருக்கும் தாய்க்கு ஒரு மணித்தியாலம் மிஞ்சினாலும் பெரிது. ஆனால் வைத்தியரோடு இருக்கும் நேரம் பாதிக்கு மேல் குறைந்ததை இலாபக் கணக்கில் எழுதலாமா? முன்பு நோயாளியை முன்னால் இருத்திவைத்து இடாப்புகளை நிரப்பிய நேரம் போயிருந்தால் நல்லது. நோயாளியின் முகத்தைப் பார்த்துப் பேசும் நேரம் போயிருந்தால் அது நட்டம். கணனி மிச்சப்படுத்தும் நேரத்தை யாருக்குக் கொடுப்பது என்பதைக் கணனி தீர்மானிப்பதில்லை. வைத்தியசாலையை நடத்துபவர்கள் தீர்மானிக்கிறார்கள்.

வராதவரின் பெயர்

மொசோரியொட்டில் தொடங்கியது பின்னர் அந்தப் பகுதி முழுவதிலும் எச்.ஐ.வி. நோயாளருக்கான பதிவு முறையாக வளர்ந்தது. அந்த அனுபவத்தோடு வேறு நாடுகளில் வேலை செய்தவர்களும் சேர்ந்து ஓப்பின் எம்.ஆர்.எஸ். என்ற மென்பொருளை உருவாக்கினர். அதை எவரும் பணம் கொடாமல் எடுத்துப் பாவிக்கலாம், திருத்தியும் அமைக்கலாம். உலகின் பல ஏழை நாடுகளில் இன்று பயன்படுகிறது.

2007ஆம் ஆண்டு டிசம்பர் 27ஆம் திகதி கென்யாவில் தேர்தல் நடந்தது. முடிவு வெளியானதும் இன வன்முறை வெடித்தது. 1,100 பேருக்கு மேல் கொல்லப்பட்டனர். ஏறக்குறைய 6 இலட்சம் பேர் இடம்பெயர்ந்தனர். எல்டொரெற் பகுதி மிக மோசமாகப் பாதிக்கப்பட்டது. அங்குள்ள இயேசுவின் திரு இருதயப் பேராலயத்தின் வளவில் ஆயிரக்கணக்கான மக்கள் தஞ்சமடைந்தனர். ஆயர் கொர்னேலியுஸ் கொரிர் இனம் பாராது அவர்களைப் பராமரித்தார். கோவில் வளவில் பாய் விரித்துப் படுத்தவர்களுக்கு அந்தக் காட்சியை நாம் விபரிக்கத் தேவையில்லை.

எச்.ஐ.வி. மருந்தை நாள் தவறாமல் எடுக்க வேண்டும். அந்தப் பகுதியின் கிளினிக்குகளில் வன்முறைக்கு முந்திய இரண்டு மாதங்களில் 2,500க்கு மேற்பட்ட பிள்ளைகள் பார்க்கப்பட்டிருந்தனர். அடுத்து வந்த ஏறத்தாழ நாலு மாதங்களுக்குள் அவர்களில் 93 வீதமானோர் எப்படியோ மீண்டும் கிளினிக்குக்கு வந்து சேர்ந்தார்கள் என்பதைப் பதிவுகளிலிருந்து கணக்கிட முடிந்தது.

இதன் மறுபக்கம் எஞ்சிய 7 வீதம். காகித இடாப்பில் வந்தவரின் பெயர் இருக்கும். வராதவரின் பெயர் இராது. வராதவரைக் கண்டுபிடிக்க ஒருவர் நாட்கணக்கில் ஏடு புரட்ட வேண்டும். அடுத்த வருகைத் திகதி பதியப்பட்ட கணனியோ அந்தத் திகதி கடந்ததும் வராதோரின் பட்டியலைச் சில நிமிடங்களில் தந்துவிடுகிறது. நூறு ஆடுகளில் ஒன்றைத் தேடிப்போன ஆயனுக்கும் முதலில் ஒன்று குறைகிறது என்று தெரிந்திருக்க வேண்டும் அல்லவா! எண்ணிப் பார்ப்பது கணனியின் வேலை. முட்கம்பிக்கும் சேற்றுக்கும் ஊடாகத் தேடிப் போவது மனிதர் வேலை. தேடிப் போக ஆளில்லாத இடத்தில் அந்தப் பட்டியலால் பயனில்லை.

நீண்டகால அகதிகளான பலஸ்தீனருக்கு வைத்தியம் செய்யும் ஐக்கிய நாடுகள் நிறுவனமும் இதே வழியில் போயிருக்கிறது. யோர்தான் தலைநகர் அம்மானில் உள்ள அதன் கிளினிக் ஒன்றில் நீரிழிவு நோயாளரையும் இரத்த அழுத்த நோயாளரையும் காலாண்டுக்கு ஒருமுறை கணனி மூலம் கணக்கெடுத்தனர். எத்தனை பேர் வந்தார்கள், எத்தனை பேர் தவறவிட்டார்கள், வந்தவர்களில் எத்தனை பேரின் நோய் கட்டுப்பாட்டில் இருக்கிறது என்று பார்த்தனர். 2017இல் கர்ப்பிணிகளும் தாய்மாரும் தமது பதிவைக் கைத்தொலைபேசியிலேயே பார்க்கும் வசதியைத் தொடங்கினர். கொப்பி வீட்டோடு போனாலும் தொலைபேசி கையோடு வரும் என்ற எண்ணம் அதில் இருக்கிறது.

எமது நாட்டில்

இலங்கையில் கம்பஹா மாவட்டத்தின் தொம்பே வைத்தியசாலை இந்த முயற்சியில் முன்னோடியானது. 2011ஆம் ஆண்டளவில் அங்கே நோயாளர் பதிவு, மருந்து, பரிசோதனை என்பவை கணனிக்கு மாறத் தொடங்கின. இதற்கான மென்பொருளும் இலவசமாகப் பாவிக்கக்கூடிய திறந்த வகையைச் சேர்ந்தது. பின்னர் வேறு அரசாங்க வைத்தியசாலைகள் பலவும் இவ்வழிக்கு வந்தன.

இவற்றோடு வந்ததுதான் தனிநபர் சுகாதார இலக்கம். வைத்தியசாலையில் பதியும்போது ஒருவருக்கு ஓர் இலக்கம் கிடைக்கிறது. பிறகு எங்கு போனாலும் அதே இலக்கம் அவருடையதாக இருக்க வேண்டும் என்பது நோக்கம். அதன் கடைசி எண், முன்னுள்ள எண்களைக் கொண்டு கணக்கிட்டுப் பெறப்படும் சரிபார்ப்பு எண். எழுதுவினைஞர் நடுவில் ஓர் எண்ணைத் தவறாக அடித்தால் கணக்கு ஒத்துவராது. கணனி உடனே மறுத்துவிடும். உங்கள் பதிவு வேறொருவருடையதோடு கலவாதிருக்கச் செய்த ஏற்பாடு இது. அடையாள அட்டை இல்லாத சிறு பிள்ளைகளுக்கு இத்தகைய இலக்கம் மிகவும் உதவும்.

எனினும் நாட்டின் வைத்தியசாலைகள் யாவும் ஒன்றோடொன்று இணைக்கப்பட்டுவிட்டன என்று எவரும் எண்ணிவிடக் கூடாது. ஒரு வைத்தியசாலையின் பதிவு அடுத்த மாவட்டத்தின் வைத்தியருக்குத் தெரியாத நிலையே பல இடங்களில் இருக்கிறது. ஆகவே கொப்பியை எறிந்துவிடாதீர்கள்.

விவசாயக் குடும்பங்களுக்கு இது ஏன் முக்கியம் என்பதற்குச் சிறுநீரக நோயைச் சொல்லலாம். 1990களிலிருந்து வடமத்திய மாகாணத்திலும் அதை அண்டிய வவுனியா போன்ற பகுதிகளிலும் வயல் வேலை செய்வோரிடையே காரணம் திட்டமாகத் தெரியாத சிறுநீரக நோய் பெருகியிருக்கிறது. தொடக்கத்தில் வலியோ வீக்கமோ இராது. இரத்தத்தில் கிரியேற்றினின் என்ற பொருளின் அளவைப் பார்த்தே அறிய வேண்டும். ஒருமுறை பார்த்த அளவு அதிகம் சொல்லாது. போன வருடம் எவ்வளவு, இந்த வருடம் எவ்வளவு, ஏறுகிறதா, நிற்கிறதா என்பதே வைத்தியருக்குத் தேவை. முகாமுக்கு முகாம், ஊருக்கு ஊர் மாறிய விவசாயிக்கு ஒவ்வொரு பரிசோதனையும் முதற் பரிசோதனையாகவே இருந்தால், நோய் முற்றிய பின்னரே தெரியவரும். நாரி நோவுக்குக் கடையில் வாங்கி விழுங்கும் சில குளிசைகள் பழுதடைந்த சிறுநீரகத்தை மேலும் பழுதாக்குவன. பதிவு இருந்தால் அவற்றை எழுத முன்னரே வைத்தியருக்கு எச்சரிக்கை கிடைக்கும்.

எச்சரிக்கும் கணனி, தாமதிக்கும் கணனி

மருந்தெழுதும் வேளையில் தவறைக் காட்டிக்கொடுக்கும் கணனியால் பெரிய நன்மை உண்டு. அமெரிக்காவின் பொஸ்ரன் நகரின் பெரிய வைத்தியசாலையொன்றில், வைத்தியர்கள் மருந்துக் கட்டளையைக் கையால் எழுதாமல் கணனியில் இடத் தொடங்கியபின் பாரதூரமான மருந்துத் தவறுகள் 55 வீதத்தால் குறைந்தன என்று 1998இல் வெளியான ஆய்வு காட்டியது. வைத்தியரின் கையெழுத்தை வாசிக்க முயன்ற எவரும் இதை நம்புவர்.

அதே வகை ஏற்பாடு பிற்ஸ்பேர்க் நகரின் சிறுவர் வைத்தியசாலையொன்றில் வேறுவிதமாக முடிந்தது. வேறிடங்களிலிருந்து அவசரமாகக் கொண்டுவரப்பட்ட பிள்ளைகளின் இறப்பு, கணனி வந்தபின் 2.80 வீதத்திலிருந்து 6.57 வீதமாக உயர்ந்தது என 2005இல் எழுதினார்கள். முன்பு பிள்ளை வழியில் வரும்போதே வைத்தியர் மருந்துகளை ஆயத்தப்படுத்தச் சொல்லிவிடுவார். புதிய முறையிலோ பிள்ளை வந்து பதிவான பின்னரே கட்டளை இட முடிந்தது. மூச்சுத் திணறும் பிள்ளைக்கு அந்த நிமிடங்கள் உயிர். கருவி ஒன்றே. ஒரு வைத்தியசாலையில் அது வேலையின் ஓட்டத்தோடு பொருந்தியது, மற்றதில் பொருந்தவில்லை. எமது பகுதி வைத்தியசாலைக்குக் கணனி வரும்போது, முதலில் அங்குள்ள தாதியரையும் சிற்றூழியரையும் கேட்டுச் செய்தார்களா என்று அபிவிருத்திச் சங்கத்தினர் விசாரிப்பது நியாயமானது.

பட்டியல் என்றால் பயம்

எம் மக்களுக்குப் பதிவு என்ற சொல்லே பிடிப்பதில்லை. எத்தனை முறை, எத்தனை பேரிடம் பெயர் கொடுத்தாயிற்று! அந்தப் பெயர்கள் எங்கே போயின என்று கேட்கும் உரிமையும் இருக்கவில்லை. வைத்தியசாலைப் பதிவையும் அதே கண்ணால் பார்ப்பவர்களை நாம் குறை சொல்ல மாட்டோம். ஒரு பெண்ணின் கருச்சிதைவு, ஓர் இளைஞனின் மனநோய், பழைய காயத்தின் தழும்பு என்பன பிறர் கையில் ஆயுதமாகலாம். குருவானவருக்குப் பாவசங்கீர்த்தன இரகசியம் எவ்வளவு கட்டாயமோ, வைத்தியருக்கு நோயாளியின் இரகசியமும் அவ்வகையில் கட்டாயமானது. ஆனால் வைத்தியர் ஒருவரின் காதில் சொன்னது கணனிக்குள் போனால் அதைத் திறக்கக்கூடியவர் பலர்.

தனிப்பட்ட தரவுகளைப் பாதுகாக்க 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டம் இங்கே நிறைவேற்றப்பட்டது. சுகாதாரத் தகவல்கள் அதில் விசேட கவனத்துக்குரியவையாக வைக்கப்பட்டுள்ளன. அது முழுமையாக நடைமுறைக்கு வருவது பின்போடப்பட்டே வந்திருக்கிறது. "இதை யார் பார்ப்பார்கள்?" என்று கேட்பதற்கு அதுவரை காத்திருக்க வேண்டியதில்லை. கேட்பது மரியாதைக் குறைவும் அல்ல.

களவும் நடக்கிறது. 2017ஆம் ஆண்டு மே மாதம் கணனிக் கிருமியொன்று இங்கிலாந்தின் அரசாங்க வைத்தியசாலைகள் பலவற்றின் பதிவுகளைப் பூட்டிப் பணம் கேட்டது. பல்லாயிரம் நோயாளர் தமக்குக் கொடுத்த நேரங்களை இழந்தனர். அந்நாட்களில் அங்கு கைகொடுத்தவை பேனாவும் காகிதமுமே.

இப்போது செய்யக்கூடியவை

எமது பெயர்களால் வரும் சிக்கலை முதலில் சொல்கிறோம். தமிழ்ப் பெயர் ஒன்றை ஆங்கில எழுத்தில் ஐந்தாறு விதமாக எழுதலாம். தகப்பன் பெயர் ஓரிடத்தில் முதலெழுத்தாகவும் இன்னோரிடத்தில் முழுமையாகவும் வரும். பெண்களுக்கு மணமானபின் கணவன் பெயர் சேரும். இதனால் ஒரே ஆளுக்கு இரண்டு மூன்று பதிவுகள் உண்டாகி, மருந்து ஒன்றிலும் பரிசோதனை வேறொன்றிலும் கிடக்கின்றன. அடையாள அட்டையில் உள்ள எழுத்துக்களையே எங்கும் கொடுங்கள். வாயால் சொல்லாமல் அட்டையைக் காட்டுங்கள். சுகாதார இலக்கம் கிடைத்திருந்தால் அதை அடையாள அட்டையின் பிரதியில் எழுதி வையுங்கள்.

கிளினிக் கொப்பியையும், வைத்தியசாலையிலிருந்து வீடு திரும்பும்போது தரும் நோய் விபர அட்டையையும் காணி உறுதி வைத்திருக்கும் அதே பொலித்தீன் பையில் வையுங்கள். கடைசிப் பக்கத்தைக் கைத்தொலைபேசியில் படமெடுத்து, வேறு ஊரில் இருக்கும் மகனுக்கோ சகோதரிக்கோ அனுப்பிவிடுங்கள். நியூ ஓர்லியன்சில் உதவிய இரண்டாவது பிரதிக்கு இதுவே எமது வசதிக்கேற்ற வழி. ஒத்துக்கொள்ளாத மருந்து ஏதும் இருந்தால் கொப்பியின் மட்டையில் பெரிய எழுத்தில் எழுதுங்கள். குளிசையின் நிறத்தைப் பாடமாக்குவதிலும் பார்க்க அதன் உறையைப் பத்திரப்படுத்துவது மேல்.

கொப்பியை ஏற்கெனவே இழந்தவர்கள் கைவிடத் தேவையில்லை. பழைய கிளினிக் இலக்கமோ, விடுதியில் இருந்த மாதமும் வருடமுமோ நினைவிருந்தால் அந்த வைத்தியசாலையின் பதிவேட்டு அறையில் கேட்டுப் பார்க்கலாம். பிள்ளையின் தடுப்பூசி அட்டை தொலைந்திருந்தால், எல்லா ஊசியையும் மீண்டும் போட வேண்டுமோ என்று தவிக்க முன்னர் இப்போதைய ஊரின் குடும்பநல உத்தியோகத்தரிடம் செல்லுங்கள். பிறப்பையும் தடுப்பூசியையும் பற்றிய இடாப்பு ஒன்றைப் பழைய ஊரின் குடும்பநல உத்தியோகத்தரும் வைத்திருந்திருப்பார். பிள்ளை பிறந்த திகதி, தாயின் பெயர், அப்போதிருந்த கிராமத்தின் பெயர் ஆகிய மூன்றையும் ஒரு துண்டில் எழுதிக் கொண்டுபோனால், அந்தப் பகுதியின் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையோடு தொடர்புகொண்டு தேடச் சொல்லலாம்.